கோல்ஃப்ல டிரைவர் எடுத்தா மட்டும் பந்து ஏன் வலப்பக்கம் ஓடுது?

7 அயர்ன்ல (நடுத்தர தூரத்துக்கான இரும்புத் தலை மட்டை) ஓரளவு நேரா அடிக்கிற அதே ஆளு, டீ (பந்தைத் தரையிலேர்ந்து தூக்கி வைக்கிற சின்ன ஆணி) மேல பந்தை வச்சு டிரைவரை (ரொம்பத் தூரம் அடிக்கிற நீளமான மட்டை) கையில எடுத்தா மட்டும் பந்து இடப்பக்கமா கிளம்பி, நடுவழில மனசு மாறின மாதிரி வலப்பக்கம் வளைஞ்சு, போய் ரஃப்லயோ (ஓரத்து நெடும்புல்) மரத்துக்கு நடுவுலயோ விழும். இதுதான் ஸ்லைஸ். பொழுதுபோக்கா கோல்ஃப் ஆடுறவங்கள்ல ரொம்பப் பேருக்கு இருக்குற வியாதி இது. சுத்தி நிக்குறவங்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க, தலையை ஆட்டாதே, மெதுவா அடி, தோளை நல்லாத் திருப்பு, உள்ளேர்ந்து வெளிய வீசுன்னு. இதுல சிலது சரிதான், ஆனா பந்து எதனால வளையுதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல, அது தெரியாம வைத்தியம் பண்ணா ஒண்ணை சரி பண்ணப் போய் இன்னொண்ணு கெடும். (இங்க எல்லாமே வலது கை ஆட்டக்காரருக்கு எழுதியிருக்கேன், இடது கைக்காரங்க திசையை மாத்திப் படிச்சுக்கோங்க.)

கிளப், அதாவது கோல்ஃப் மட்டை, பந்தைத் தொட்டுட்டு இருக்குற நேரம் ஒரு செகண்டுல சுமார் இரண்டாயிரத்துல ஒரு பங்குதான். அந்த நேரத்துல நீங்க எதையும் திருத்த முடியாது, நடந்தது நடந்ததுதான். அந்த நொடியில திசையைப் பொறுத்தவரை முக்கியமா ரெண்டு விஷயம்தான் கணக்கு. ஒண்ணு, கிளப்போட ஃபேஸ், அதாவது பந்தை அடிக்கிற முகப்பு, எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கு. ரெண்டாவது, கிளப் தலை எந்தப் பாதையில போயிட்டு இருக்கு. ரொம்ப வருஷமா கோச்சுங்க சொல்லிக்கொடுத்தது என்னன்னா பந்து பாதையோட திசையில கிளம்பும், கடைசில ஃபேஸ் பாத்த இடத்துல போய் விழும்னு. டிராக்மேன் மாதிரி ரேடார் கருவிங்க 2000க்கு அப்புறம் வந்து ஒவ்வொரு ஷாட்டையும் அளக்க ஆரம்பிச்சதும்தான் இது தப்புன்னு பரவலா ஒத்துக்கிட்டாங்க. பந்து பெரும்பாலும் ஃபேஸ் பாக்குற பக்கம்தான் கிளம்புது, டிரைவர்ல இது சுமார் 85 சதவீதம்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் எவ்வளவு வளையும்கிறதை முடிவு பண்றது ஃபேஸுக்கும் பாதைக்கும் நடுவுல இருக்குற கோண வித்தியாசம்.

இதை நிதானமா யோசிச்சுப் பாருங்க, ஏன்னா வழக்கமான ஸ்லைஸ்காரரோட கதை முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு. அவரு பந்து இலக்குக்கு இடப்பக்கம் கிளம்புதுன்னா, அடிபடும்போது ஃபேஸ் இலக்குக்கு இடப்பக்கம்தான் பாத்துட்டு இருந்திருக்கு. அதாவது இலக்கை வச்சுப் பாத்தா அது திறந்த (வலப்பக்கம் திரும்பின) ஃபேஸே இல்ல. ஆனா பாதை அதை விட இன்னும் அதிகமா இடப்பக்கம் போயிட்டு இருக்கு, அந்தப் பாதையை வச்சுப் பாத்தா ஃபேஸ் திறந்திருக்கு. ஸ்லைஸைப் பொறுத்தவரை "ஃபேஸ் திறந்திருக்கு"ன்னா பாதையை வச்சுத் திறந்திருக்குன்னு அர்த்தம், இலக்கை வச்சு இல்ல.

வளைவு எப்படி வருதுன்னா, சுத்துற பந்து காத்தைத் தன்கூட இழுத்துட்டுப் போகும், அதனால ஒரு பக்கமா தள்ளப்படும், இதுக்கு மேக்னஸ் விளைவுன்னு பேரு. கோல்ஃப் பந்துக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாத்தவரு ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பீட்டர் குத்ரி டெய்ட், 1890கள்ல. பந்து பின்பக்கமா சுத்துறதாலதான் அவ்வளவு நேரம் காத்துல நிக்குதுன்னு அவரு காட்டினாரு. அவரு பையன் ஃபிரெடி டெய்ட் 1896லயும் 1898லயும் அமெச்சூர் சாம்பியன்ஷிப் ஜெயிச்ச ஆட்டக்காரர், அப்பா கணக்குப் போட மகன் அடிக்கன்னு அந்த வீடு நல்லாத்தான் இருந்திருக்கும். இதுல கவனிக்க வேண்டியது, பந்துக்கு பின்சுழல் தனியா பக்கச்சுழல் தனியான்னு ரெண்டு சுழல் கிடையாது. ஒரே சுழல்தான், அந்தச் சுழலோட அச்சு சாய்ஞ்சிருந்தா பந்து வளையும், விமானம் ஒரு இறக்கையைச் சாய்ச்சுத் திரும்புற மாதிரி.

டிரைவர் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்கிறதுக்கு பதிலும் இங்கதான் இருக்கு. பாதைக்கும் ஃபேஸுக்கும் 5 டிகிரி வித்தியாசம்னு வைங்க. குட்டையான அயர்ன்ல ஃபேஸ் நல்லா மேல பாத்துட்டு இருக்கும், கிளப்பும் கீழ்நோக்கி இறங்கும், ரெண்டுக்கும் நடுவுல செங்குத்தா 35, 40 டிகிரி இடைவெளி இருக்கும், அதனால பின்சுழல் ஏராளம், அந்த 5 டிகிரி அதுக்குள்ள கரைஞ்சு போயிடும், அச்சு 7, 8 டிகிரிதான் சாயும். டிரைவர்ல அந்த செங்குத்து இடைவெளியே 14 டிகிரி பக்கம்தான். அதே 5 டிகிரி தப்புக்கு அச்சு 20 டிகிரி வரைக்கும் சாய்ஞ்சிடும், 200 யார்டு அடியில அது 25, 30 யார்டு வளைவு, பல ஃபேர்வேயோட (புல்லை ஒட்ட வெட்டின நடுப்பாதை) அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே உங்க டிரைவர் ஸ்விங்கும் அயர்ன் ஸ்விங்கும் வேற வேற தப்பு பண்ணனும்னு அவசியம் இல்ல. ஒரே தப்பை அயர்ன் மூடி மறைச்சுது, டிரைவர் ஊருக்கே சொல்லுது.

இது போக இன்னும் ரெண்டு சின்னச் சதி இருக்கு. டிரைவர்ல பந்தை முன்னாடி, இடது குதிகாலுக்கு நேரா வைக்கிறோம், கிளப் வட்டத்தோட அடிப்புள்ளியைத் தாண்டி மேல ஏறும்போது அடிபடணும்னு. சாய்ஞ்ச வட்டத்துல சுத்துற கிளப் மேல ஏற ஆரம்பிச்சா கூடவே இடப்பக்கமும் திரும்ப ஆரம்பிச்சிடும், அப்ப பாதை தானா இடப்பக்கம் போகும். அயர்ன்ல நேர்மாறு, இறங்கும்போது அடிக்கிறதால பாதை கொஞ்சம் வலப்பக்கம் இருக்கும். இன்னொண்ணு நீளம், டிரைவர் ஷாஃப்ட், அதாவது அதோட தண்டு, பையில இருக்குற எல்லாத்தையும் விட நீளம்கிறதால ஃபேஸ் திரும்பி வந்து சேர கொஞ்சம் லேட்டாகும்.

இப்ப இதுக்கு மனுஷன் என்ன பண்றான்னு பாக்கணும். பந்து வலப்பக்கம் போகுது, சரின்னு அடுத்த தடவை இடப்பக்கம் குறி வச்சு நிக்கிறான். காலும் தோளும் இடப்பக்கம் திரும்பினதும் பாதையும் இன்னும் இடப்பக்கம் போகுது. ஃபேஸ் மட்டும் பழையபடியே இலக்கைப் பாக்குது, ஏன்னா கை அதுக்குத்தான் பழகியிருக்கு. வித்தியாசம் கூடுது, வளைவும் கூடுது. இன்னும் இடப்பக்கம் நிக்கிறான். கொஞ்ச மாசத்துல மேலேர்ந்து தோளைத் தள்ளி வெளியேர்ந்து உள்ள வெட்டுற ஸ்விங் உடம்புல ஒட்டிக்கும், "ஓவர் த டாப்"னு சொல்றது இதைத்தான். ஸ்லைஸுக்குக் காரணமே இந்த ஸ்விங்தான்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் இது பாதிப்பேருக்கு மேல காரணம் இல்ல, விளைவு. திறந்த ஃபேஸோட வர்ற கிளப்பை எப்படியாவது ஃபேர்வே பக்கம் கொண்டுவர உடம்பு தானா கண்டுபிடிச்ச வழி அது.

அதனாலதான் என் கருத்து, முதல்ல ஃபேஸ், அப்புறம்தான் பாதை. இதை மாத்திப் பண்ணா என்ன ஆகும்? "உள்ளேர்ந்து வெளிய வீசு"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு ஒருத்தர் கஷ்டப்பட்டு பாதையை வலப்பக்கம் மாத்திடுறாரு, கிரிப்பும் (கிளப்பைப் பிடிக்கிற விதம்) மணிக்கட்டும் அப்படியேதான் இருக்கு, இப்ப ஃபேஸ் இலக்குக்கும் வலப்பக்கம், பாதைக்கும் வலப்பக்கம். பந்து வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் வளைஞ்சு பக்கத்து ஃபேர்வேயைத் தாண்டிப் போகும். முன்னாடி ரஃப்ல கிடந்த பந்து இப்ப எல்லைக்கு வெளிய. ஒரே சாயங்காலத்துல அந்த ஆளு பழைய ஸ்விங்குக்குத் திரும்பிடுவாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஸ்லைஸ் எந்த ஜாதின்னு பாத்துக்கோங்க. பந்து முதல்ல எந்தப் பக்கம் கிளம்புதுன்னு கவனிங்க, எங்க விழுதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைஞ்சா பாதை ரொம்ப இடப்பக்கம். வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் போனா ஃபேஸ் அப்பட்டமா திறந்திருக்கு, பாதை மேல பழி போடாதீங்க. அடுத்து, பந்து ஃபேஸ்ல எங்க படுதுன்னு பாக்கணும். பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரேயை ஃபேஸ்ல லேசா அடிச்சுட்டு நாலஞ்சு ஷாட் ஆடினா தடம் அப்படியே தெரியும். ஷாஃப்ட் பக்கம், அதாவது ஹீல் பக்கம் தடம் இருந்தா அதுவே ஒரு ஸ்லைஸ் தொழிற்சாலை. நடு விட்டுப் பட்டா டிரைவர் தலை ஒரு பக்கம் திருகும், பந்து பல்சக்கரம் மாதிரி எதிர்ப்பக்கம் சுழலும், இதுக்குத்தான் கியர் எஃபெக்ட்னு பேரு. ஹீல்ல பட்டா வலப்பக்கம் வளையும், டோ பக்கம், அதாவது தலையோட வெளி நுனிப் பக்கம், பட்டா இடப்பக்கம். ஃபேஸும் பாதையும் சரியா இருந்தும் ஹீல்ல பட்டதால மட்டுமே ஸ்லைஸ் ஆகுற ஷாட் நிறைய உண்டு, அந்த ஆளுக்கு கிரிப் மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல, பந்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னாலே சில சமயம் சரியாகிடும்.

சரி, கிரிப். ஸ்லைஸ்காரங்கள்ல நிறையப் பேர் இடது கையில கிளப்பை உள்ளங்கைக்குக் குறுக்கே பிடிக்கிறாங்க, கட்டைவிரல் ஷாஃப்ட் மேல நேரா உக்காந்திருக்கும், மேலேர்ந்து குனிஞ்சு பாத்தா ஒரு விரல் முட்டிதான் தெரியும். இதுக்கு வீக் கிரிப்னு பேரு, பிடியோட பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, கை எவ்வளவு திரும்பியிருக்குங்கிறதுதான் கணக்கு. இப்படிப் பிடிச்சா அடிபடுற நேரத்துல கை தன் இயல்பான நிலைக்குத் திரும்பும்போது ஃபேஸைத் திறந்துடும். கிளப்பை விரல்களோட அடிப்பகுதில வச்சு, கையை வலப்பக்கமா திருப்பி, குனிஞ்சு பாத்தா ரெண்டரை, மூணு முட்டி தெரியுற மாதிரி பிடிங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வர்ற கோடு வலது தோளைக் காட்டணும். வலது கையும் அதே மாதிரி, கிளப்புக்கு மேல ஏறி உக்காராம பக்கவாட்டுல வரணும். முதல்ல ஃபேஸை இலக்குக்கு நேரா வச்சுட்டு அப்புறம் கையை வைங்க. கையைப் பிடிச்சுட்டு அப்புறம் கிளப்பைத் திருகி ஃபேஸை நேராக்கினா பழைய கிரிப்தான் வேற வேஷத்துல திரும்பி வரும்.

கை வச்சதும் கண்றாவியா இருக்கும், இப்படிப் பிடிச்சா பந்து நேரா இடப்பக்கம்தான் போகும்னு தோணும். போகட்டும், அதுதானே வேணும். புது கிரிப்ல அடிச்ச முதல் சில பந்து இடப்பக்கம் கிளம்பி அப்படியே நேரா இடப்பக்கமே போனா அதைத் தோல்வின்னு எடுத்துக்காதீங்க, ஃபேஸ் இப்ப பாதையோட ஒத்துப் போகுதுன்னு அர்த்தம், இனிமே பாதையை மட்டும் திருப்பினா போதும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். பழைய பெரிய ஆட்டக்காரங்க சொன்ன கிரிப் அட்வைஸை அப்படியே எடுத்துக்காதீங்க. பென் ஹோகன் தன் வாழ்க்கையில பாதி ஹூக்கோட போராடினவரு, ஹூக்னா ஸ்லைஸுக்கு நேர் எதிர், இடப்பக்கம் பாம்பு மாதிரி வளையுறது. அதைக் கட்டுப்படுத்தத்தான் அவரு இடது கையை வீக் பக்கம் கொண்டு போனாரு. நல்லா ஆடுறவங்களோட பயம் பெரும்பாலும் ஹூக், அதனால அவங்க வாயிலேர்ந்து வர்ற அட்வைஸும் ஹூக்கைத் தடுக்குற அட்வைஸாவே இருக்கும். அந்த மருந்தை ஸ்லைஸ்காரர் சாப்பிட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

கிரிப்புக்கு அடுத்தது இடது மணிக்கட்டு. பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால தூக்குறது) உச்சியில புறங்கை முன்னங்கைப் பக்கம் மடங்கி ஒரு குழி மாதிரி விழுந்தா ஃபேஸ் திறக்கும், தட்டையா இருந்தா மூடும், உள்ளங்கைப் பக்கம் மடங்கினா இன்னும் மூடும். அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் உச்சியில நிக்கிற படம் பாத்திருந்தா தெரியும், மணிக்கட்டு வெளிய புடைச்சு வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும். அவ்வளவு தேவையில்ல, குழி இல்லாம இருந்தா போதும். டவுன்ஸ்விங் ஆரம்பிக்கும்போதே மோட்டார் சைக்கிள் ஆக்சிலரேட்டர் முறுக்குறாப்ல இடது கையை முறுக்கச் சொல்லி இப்ப நிறைய கோச்சுங்க சொல்லித் தர்றாங்க, அதுவும் இதே வேலைதான், ஃபேஸை சீக்கிரமே மூடி வச்சுட்டா கடைசி நேரத்துல கையால காப்பாத்த வேண்டி வராது.

நிக்குற விதத்துல ரொம்பப் பேசுறதுக்கு இல்ல, ஆனா தோளை மட்டும் பாருங்க. பந்தை முன்னாடி வச்சதும் வலது கை அதை எட்ட முயற்சி பண்ணி தோள் தானா இடப்பக்கம் திறந்துக்கும், கால் நேராத்தான் இருக்கும், அதனால உங்களுக்கே தெரியாது. கிளப்பை மார்புக்குக் குறுக்கே பிடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். வலது தோள் இடது தோளை விடக் கொஞ்சம் கீழ, முதுகு இலக்குலேர்ந்து லேசா பின்னாடி சாய்ஞ்சிருக்கணும். டீ உயரம், டிரைவரைத் தரையில வச்சா அதோட மேல் விளிம்புக்கு மேல பாதிப் பந்து தெரியுற அளவு. ஸ்லைஸ்காரங்க பயத்துல டீயைத் தரையோட அமுக்கி வைப்பாங்க, அப்ப பந்தை மேலேர்ந்து வெட்டத்தான் தோணும்.

ஃபேஸ் ஓரளவு வசப்பட்டதும் பாதைக்கு வரலாம், அப்ப பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சிருக்கும், ஏன்னா இடப்பக்கம் இழுக்க வேண்டிய அவசியம் உடம்புக்கு இப்ப இல்ல. மிச்சத்துக்கு எனக்குப் பிடிச்சது ஹெட்கவர் (கிளப் தலைக்குப் போடுற உறை) பயிற்சி. பந்துக்கு வெளிப்பக்கம், ஒரு கிளப் தலை அகலத்துக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி, பந்துக்கு அரை அடி பின்னால ஹெட்கவரை வச்சுட்டு அடிங்க. வெளியேர்ந்து உள்ள வெட்டினா ஹெட்கவர் பறக்கும், யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். வலது காலை ஒரு அரை அடி பின்னாடி இழுத்து வச்சு அடிக்கிறதும் நல்லது, இடுப்பும் தோளும் சீக்கிரம் திறக்காம அது தடுக்கும். கீழ வரும்போது முதல்ல நகர வேண்டியது எடை, வலது காலேர்ந்து இடது காலுக்கு, தோள் அதுக்கப்புறம்தான்.

பயிற்சியை டிரைவர்ல ஆரம்பிக்காதீங்க. 7 அயர்ன்ல, கை இடுப்பு உயரத்துலேர்ந்து இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் போற அரை ஸ்விங்ல, வேணும்னே ஹூக் அடிக்கப் பாருங்க. நேரா அடிக்க முயற்சி பண்ணாதீங்க, ஹூக்தான். ஸ்லைஸ்காரருக்கு ஃபேஸ் மூடுறதுன்னா என்ன உணர்வுன்னே தெரியாது, மிகைப்படுத்தி ஒரு தடவை இடப்பக்கம் வளைச்சுட்டா ரெண்டு எல்லையும் தெரிஞ்சிடும், நடுவுல வந்து நிக்கிறது அப்புறம் சுலபம். அதுக்கப்புறம் முழு ஸ்விங், அப்புறம் 5 வுட் (டிரைவரை விடக் குட்டையான, தலை பெருத்த கிளப்), கடைசியா டிரைவர், அதுவும் முக்கால் வேகத்துல.

புது டிரைவர் வாங்கினா சரியாகுமான்னு கேப்பீங்க. கொஞ்சம் சரியாகும், அதை மறைக்க வேண்டியதில்ல. 9 டிகிரி வச்சிருக்கவங்க 11, 12 டிகிரி லாஃப்டுக்கு (ஃபேஸ் மேல்நோக்கிச் சாயுற கோணம்) போனா பின்சுழல் கூடும், அச்சு சாய்றது குறையும், மேல சொன்ன அதே கணக்குதான். எடையை ஹீல் பக்கம் வச்சு ஃபேஸ் சீக்கிரம் மூடுற மாதிரி செஞ்ச டிரா (லேசா இடப்பக்கம் வளையுற ஷாட்) வகை டிரைவரும் உதவும். ஆனா ஃபேஸ் 8, 10 டிகிரி திறந்திருந்தா எந்தக் கம்பெனி எடையும் அதைக் காப்பாத்தாது. பந்தையே மாத்திப் பாத்தவங்களும் உண்டு, 1970கள்ல போலாரான்னு ஒரு பந்து வந்துச்சு, குழிகளை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வைக்காம, தானா நேராப் பறக்குற மாதிரி செஞ்சது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒத்துக்கல, பந்து எப்படி வச்சு அடிச்சாலும் ஒரே மாதிரி பறக்கணும்னு விதியே கொண்டு வந்துட்டாங்க, விஷயம் கோர்ட் வரைக்கும் போச்சு.

இதெல்லாம் சரியாக வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் ஆடாம இருக்க முடியாது. அப்ப ஸ்லைஸோடயே ஆடுங்க, ஆனா புத்தியா ஆடுங்க. டீயிங் ஏரியா, அதாவது முதல் அடி அடிக்கிற இடம், ரெண்டு மார்க்கருக்கு நடுவுல மட்டும் இல்ல, பின்னாடி ரெண்டு கிளப் நீளம் வரைக்கும் உங்க இடம். அதுல வலது ஓரத்துல பந்தை வைங்க, அங்கேர்ந்து ஃபேர்வேயோட இடது பாதியைப் பாத்து அடிச்சா வளையுறதுக்கு முழு அகலமும் கிடைக்கும். நிறையப் பேர் வலப்பக்க மரத்துக்குப் பயந்து இடது ஓரம் போய் நிப்பாங்க, அது தப்பான பக்கம், அங்க நின்னா பந்து வலப்பக்கம் பாத்துத்தான் கிளம்பணும். வலப்பக்கம் எல்லைக்கோடு இருக்குற ஹோல்ல டிரைவரை விட்டுட்டு லாஃப்ட் கூடின வுட் எடுங்க, 20 யார்டு குறைஞ்சாலும் பரவால்ல, எல்லைக்கு வெளிய போனா ஒரு ஸ்ட்ரோக் அபராதம், அடிச்ச தூரமும் போச்சு. சந்தேகமா இருந்தா போய்த் தேடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு ப்ரொவிஷனல் (தற்காலிக) பந்து ஒண்ணு அடிச்சு வைங்க, 2019லேர்ந்து தேடுறதுக்கு 3 நிமிஷம்தான்.

வளைவு முழுசாப் போகணும்னும் இல்ல. ஜாக் நிக்லஸும் லீ ட்ரெவினோவும் வாழ்க்கை முழுக்கப் பெரும்பாலும் இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையுற ஷாட்டைத்தான் ஆடினாங்க, அதுக்கு ஃபேட்னு பேரு. ஃபேட்ல ஃபேஸுக்கும் பாதைக்கும் நடுவுல கொஞ்சம்தான் வித்தியாசம், ஸ்லைஸ்காரர் வச்சிருக்கிறது அதைப் போல பல மடங்கு. உங்க வளைவு 30 யார்டுலேர்ந்து 10 யார்டுக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் அதே 10 யார்டா இருந்தா கிரிப்பை மறுபடி தொடாதீங்க, ஃபேர்வேயோட இடது ஓரத்தைப் பாத்து நின்னு அடிச்சுட்டுப் போயிட்டே இருங்க.